தேவைக்கு மேல் வேட்டைத் துப்பாக்கி: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காரைக்குடியில் ஆயுத உரிமத்துக்கான விண்ணப்பங்களையும் புதுப்பிப்பு மனுக்களையும் எழுதிக் கொடுப்பது என் தொழில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் படிவத்தைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். சிறிது நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பும்: வேட்டை நின்று போய் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், கையில் இருப்பது போதாமல், மனம் ஏன் இன்னொரு ரைபிளைத் தேடுகிறது என்று கேட்பார்கள். ஒரே ஐயங்களைப் பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

ஒருத்தர் எத்தனை துப்பாக்கி வச்சுக்கலாம்? மூணுன்னுல்ல சொன்னாக?

மூன்று என்பது பழைய கணக்கு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டபோது அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள், விருப்பமான இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே கூறியது. அந்த ஓராண்டு 2020 டிசம்பரில் முடிந்துவிட்டது. அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தியது.

இந்த இரண்டு என்பது ஆளுக்குத்தான், வீட்டுக்கு அன்று. எந்தெந்தத் துப்பாக்கி என்பது அதன் எண்ணோடு உரிமப் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இன்றும் மூன்றாவது ஒன்று பெட்டகத்தில் இருக்குமானால், அதைப் பற்றி முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள். நாள் கடத்துவதால் எந்த நன்மையும் இல்லை.

வேட்டையே கூடாதுங்கும்போது வேட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் எப்படி லைசென்ஸ் குடுக்குறாக?

வைத்திருப்பது ஒரு சட்டத்தின் கீழ் வருகிறது, சுடுவது இன்னொரு சட்டத்தின் கீழ் வருகிறது. ஆயுதச் சட்டம் தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு போன்ற காரணங்களைப் பார்த்து உரிமம் வழங்குகிறது. காட்டு விலங்கைச் சுடுவதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே உரிமப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக முயலையோ கௌதாரியையோ சுட யாருக்கும் உரிமை வந்துவிடாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, இன்னின்ன இடத்தில் சுடலாம் என்று அரசு முடிவு செய்தாலும், அந்தப் பொறுப்பு வனத்துறையிடம்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் எனக்கு நினைவுக்கு வரும். 1977 முதல் சரணாலயமாக இருக்கும் அந்தக் கண்மாய்களில் தங்கும் நாரைகளும் கொக்குகளும் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. துப்பாக்கியை விரும்புகிற எவரும் மழைக்காலத்தில் ஒருமுறை அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

மானுக்கு ஒன்னு, பன்னிக்கு ஒன்னு, பறவைக்கு ஒன்னுன்னு ஐயா வச்சிருந்தாக. அது மாதிரி வகைக்கு ஒன்னு வேணும்தானே?

உங்கள் ஐயா வைத்திருந்ததில் நியாயம் இருந்தது. காடைக்கும் கௌதாரிக்கும் சிதறு குண்டு போடும் 12 போர் (bore) துப்பாக்கி வேண்டும். அதைக் கொண்டு தூரத்தில் நிற்கும் மானைச் சுட்டால் அது காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். முயலுக்கு .22 ரைபிள் போதும் (இந்த எண்கள் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிப்பவை). பன்றிக்கும் மானுக்கும் .315 சரியாக இருக்கும். மேற்கு மலைக் காடுகளுக்குப் போனவர்கள், காட்டெருமைக்கும் புலிக்கும் .375-ஐயோ அதைவிடப் பெரியதையோ எடுத்துச் சென்றார்கள். குண்டின் எடையும் வேகமும் விலங்கின் உடலுக்குப் பொருந்தாவிட்டால் அது சித்திரவதையாகிவிடும் என்பதை அறிந்த வேட்டைக்காரர்கள் வகைக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள்.

ஆனால் வகைகள் பெருகியதற்கு விலங்குகள் மட்டும் காரணமில்லை. .450 அளவுள்ள ரைபிள்களின் தோட்டா, படைத்துறையின் பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள்களை வைத்திருக்கும் கிளர்ச்சியாளர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தில், 1907 வாக்கில் ஆங்கில அரசு அந்த அளவை இந்தியாவில் தடை செய்தது. உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று அருகருகே புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. யானையையோ காட்டெருமையையோ பொறுத்தவரை இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு கிடையாது. இன்று இவற்றில் ஒவ்வொன்றும் வேண்டும் என்று தேடுகிறவர், ஓர் அரசாணையைச் சுற்றிக்கொண்டு போகச் செய்யப்பட்ட சரக்கைத் தேடுகிறார். சென்னையிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்த பி. ஓர் அண்டு சன்ஸ் போன்றவர்களின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் பர்மாவிலிருந்து திரும்பியவர்களோடு நம் வீடுகளுக்கும் வந்தன.

வேட்டை நின்றவுடன் இந்த வகைக்கணக்கு முழுவதும் பொருளிழந்துவிட்டது. “இது பன்றிக்கு, அது மானுக்கு” என்று இன்று சொல்கிறவர் தேவையைச் சொல்லவில்லை. ஆசைக்குத் தேவை என்ற பெயரை வைத்துக்கொள்கிறார். இதைத் தெளிவாக உணர்ந்துகொண்டால் மீதிக் கேள்விகள் பலவும் எளிதாகிவிடும்.

எனக்கு ரெண்டு இருக்கு, போதும்னும் தெரியுது. ஆனா நல்லது ஒன்னைப் பாத்துட்டாத் தூக்கம் வர மாட்டேங்குது. இது வியாதியா?

வியாதி என்று சொல்ல மாட்டேன். நல்ல கைவேலையைக் கண்டு மனம் இளகுவது செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. நிலைக்கதவின் செதுக்கு வேலையைத் தடவிப் பார்த்து வளர்ந்த கைக்கு, வால்நட் கட்டையில் ஓடும் ரேகையும், விசைக்கு மேலுள்ள எஃகுத் தகட்டில் உளியால் வெட்டிய இலைக்கொடியும் உடனே பிடிபட்டுவிடும். ஓர் இரட்டைக்குழல் ரைபிளை மடக்கித் திறந்து மெதுவாக மூடினால் ஒரே ஒரு மெல்லிய சத்தம் வரும். இரண்டு உலோகப் பரப்புகளும் இடைவெளியே தெரியாமல் பொருந்தும்வரை, ஒன்றில் புகைக்கரியைப் பூசி, மற்றொன்றில் ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் செய்தவர்களின் உழைப்பு அந்தச் சத்தத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு மயங்குவதில் குற்றமில்லை.

ஆனால் பெரும்பாலோரிடம் நான் கண்டது, ஆசை துப்பாக்கியின் மேல் இருப்பதைவிடத் தேடலின் மேல் அதிகமாக இருக்கிறது என்பதுதான். யார் வீட்டிலிருந்து வருகிறது என்று விசாரிப்பது, எண்ணைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடிப்பது, விலை பேசுவது, மனுப் போட்டுக் காத்திருப்பது ஆகிய இத்தனை மாதங்களிலும் மனம் நிறைந்திருக்கும். கைக்கு வந்தபின் சில நாள் எடுத்துப் பார்ப்பார்கள், வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். பிறகு அது இரண்டாம் கட்டு அறையின் பீரோவுக்குள் போய்விடும், பேச்சு அடுத்ததைப் பற்றித் தொடங்கிவிடும். வந்து சேர்ந்த பொருள் தேடிய நாட்களின் நிறைவைத் தராததால், தேடலைத்தான் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. நாம் கண்ணெதிரே வீடுகள் பிரிபடுவதைப் பார்த்தவர்கள். பங்காளிகளுக்குள் ஒத்து வராமல் ஒரு வளவு வீடு இடிக்கப்பட்டால், அதன் தூணும் கதவும் ஜாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. வீட்டைக் காப்பாற்ற முடியாதவர், அந்த வீட்டிலிருந்து ஒரு பொருளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தவிக்கிறார். “நான் வாங்காட்டி உருக்கிருவாக” என்று சொல்லித் துப்பாக்கி வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர், துயரப்பட்டவர்கள். அந்தத் துயரம் உண்மையானது என்பதாலேயே, அதை ஆற்றத் துப்பாக்கி ஏற்ற பொருள் இல்லை என்று அவர்களிடம் சொல்கிறேன். புகைப்படம், கணக்கேடு, கடிதம், அந்த வேட்டைகளைப் பற்றி அப்பத்தாவும் ஆச்சிகளும் சொல்லும் கதைகள் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் எண்ணிக்கை வகுக்கவில்லை. சேர்க்காவிட்டால் போய்விடுகிறவையும் அவைதான்.

நான் சுடவா போறேன்? அழகுக்கு வச்சிருக்கேன். கூட நாலு இருந்தா யாருக்கு என்ன?

சட்டத்தின் பதிலை முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். இங்கே பராமரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். சுடாத துப்பாக்கிதான் சுடுகிற துப்பாக்கியைவிட விரைவில் கெடுகிறது, ஏனென்றால் சுடுகிறவர் துடைப்பார், சுடாதவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தவுடன் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து அறைக்குள் விடுகிறது. அப்போது பலரும் செய்கிற பெரிய கேடு, துப்பாக்கியைத் தோல் உறைக்குள் போட்டு இறுகக் கட்டி வைப்பது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். பழைய தோட்டாக்களால் சுடப்பட்ட குழல்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அந்தக் காலத் தோட்டாவின் அடியிலிருந்த வெடிமருந்து எரிந்தபின் உப்பைப் படியவிடும், அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் தடவ வேண்டும் என்று பழைய ஆட்கள் சொன்னது இதனால்தான்.

தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பின்பக்கத்தைத் திறந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் குழலின் உட்புறத்தைப் பாருங்கள். நல்ல குழலில் திருகுவரிகள் தொடக்கத்திலிருந்து முனைவரை கலங்காமல் மின்னும். கெடத் தொடங்கிய குழலில், தோட்டா அமரும் இடத்துக்குச் சற்று முன்னால் மிளகுத்தூள் தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் பள்ளங்களை எந்த எண்ணெயாலும் நிரப்ப முடியாது. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்துத் துடைக்க உங்களால் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிகிற எண்ணிக்கைதான் அழகுக்காக வைத்துக்கொள்ளத் தகுந்த எண்ணிக்கை.

நூறு வருசத்துக்கு மேலாச்சு, தொல்பொருள்தானே? அதுக்குமா லைசென்ஸ்?

ஆம், பெரும்பாலான நேரங்களில் வேண்டும். இங்கே இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். நூறாண்டு என்பது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின் அளவுகோல். அதற்கு உட்பட்டதை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வேறொன்றைக் கேட்கிறது: வழக்கொழிந்த வகையாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, அப்படியேயும் பழுது பார்த்தும் சுடப் பயன்படாததாக இருந்தால் மட்டுமே விலக்கு. 1910-ல் செய்த ஒரு ரைபிள் இன்றும் சுடும் நிலையில் இருந்தால், அதன் வயது உங்களைக் காப்பாற்றாது.

சுடுமா, சுடாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளவும் கூடாது. எழுத்து மூலம் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, எழுத்து மூலம் பதில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் கடையில் சுடக்கூடிய துப்பாக்கியை யாராவது ரசீது இல்லாமல் காட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் வாங்கிப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஆளுக்கு ரெண்டுன்னா வீட்டுக்காரி பேர்ல ரெண்டு, மகன் பேர்ல ரெண்டு எடுத்துக்கலாமே?

உங்கள் மனைவிக்கோ மகனுக்கோ தனக்கென்று விருப்பமும் காரணமும் இருந்து, அவர்களே விண்ணப்பித்து, பயிற்சி பெற்று, பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது அவர்களுடைய உரிமை. உங்கள் சேகரிப்புக்கு இடம் போதாமல் அவர்கள் பெயரைக் கடன் வாங்குவது அதே செயலாகாது. துப்பாக்கி அவர்கள் உரிமத்தில் இருந்து உங்கள் கையில் இருக்கும்போது ஏதாவது நேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியவர் பெயர் கொடுத்தவர். தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் காவல் நிலையத்தில் நிற்கப் போகிறவரும் அவரே. இப்படிப்பட்ட விண்ணப்பங்களை நான் எழுதிக் கொடுப்பதில்லை.

அப்பச்சி காலமாயிட்டாக. பெட்டகத்தைத் திறந்தா அஞ்சு கிடக்கு. நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு. எப்படிப் பிரிக்கிறது?

பிரிப்பதற்கு முன்னால் ஒப்படைக்க வேண்டும். உரிமம் உங்கள் அப்பச்சியின் (தந்தையின்) பெயரில் இருந்தது. அவர் காலமானதும் அந்தத் துப்பாக்கிகளை வீட்டில் வைத்திருக்கும் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, அங்கேயோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, ரசீதில் ஒவ்வொன்றின் வகை, அளவு, எண் மூன்றும் எழுதியிருப்பதைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஐந்தில் எதுவாவது உரிமப் புத்தகத்தில் இல்லாததாக இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு வண்டியில் கிளம்பாமல், வழக்கறிஞர் மூலம் தகவல் சொல்லி காவல் நிலையத்தாரையே வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அதன் பிறகு சகோதரர்களில் யாருக்கு உரிமம் வேண்டுமோ அவர் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் மறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வாரிசு வழியில் வந்தாலும் இரண்டு என்ற வரம்பு மாறாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே கூறுகிறது. வெள்ளிச் சாமான்போல ஆளுக்கொன்றாகப் பங்கு வைக்கலாம் என்று தொடங்கிய வீடுகளில் மனக்கசப்பு வந்ததையும், யாராவது ஒருவர் பொறுப்பேற்ற வீடுகளில் வேலை அமைதியாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். வீடு பூட்டிக் கிடக்கு, துப்பாக்கி உள்ளதான் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஆளில்லாத வீட்டில், சாவி காவல்காரரிடம் இருக்கும்போது, துப்பாக்கி இருக்கக் கூடாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதல் வேலையாகக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள். உரிமத்தின் கடைசி நாளையும், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் பதிவாகித் தனி எண் வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்ப ஏர் ரைபிள் வாங்கி ஆசையத் தீத்துக்கலாமா? கிளப்புல சேந்தா கூடுதலா வச்சுக்கலாம்னும் சொல்றாகளே?

.177 அளவும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைக் கொண்டு புறாவையோ கொக்கையோ சுடக் கூடாது என்பது, இரண்டாம் கேள்வியின் பதிலைப் படித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மதுரையிலும் சென்னையிலும் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. பத்து மீட்டர் தூரத்தில் வைத்த தாளின் நடுப்புள்ளியை ஒரே மூச்சில் குறிபார்த்துப் பழகுகிறவருக்குத் துப்பாக்கியோடு உள்ள உறவே மாறிவிடும். பத்து ரைபிள்களைப் பற்றிப் பேசுகிறவரைவிட, ஒன்றை ஆயிரம் முறை தோளில் வைத்தவருக்கு அதன் எடையும் விசையின் இழுப்பும் நன்றாகத் தெரியும். சேர்க்கும் வேகம் தணிந்தவர்களை நான் அதிகமாகக் கண்டது இந்த வழியில்தான்.

போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு அரசு தனி விலக்கு அளித்திருப்பது உண்மை. அது அவர்கள் எட்டிய தகுதிக்கு அளிக்கப்படுவது. சேகரிப்பதற்காகக் கிளப்பில் சேருகிறவருக்கு அந்த வாசல் திறக்காது.

ரெண்டு மட்டும்னா எதை வச்சுக்கிறது, எதை விடுறது? விலை கூடுனதை வைக்கவா?

விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் தோட்டா கிடைக்குமா என்று பாருங்கள். 12 போருக்கும் .315-க்கும் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் தோட்டா செய்கின்றன. ஆங்கிலேயர் காலத்துப் பெரிய அளவுகளுக்குத் தோட்டா செய்துவந்த கைனாக் கம்பெனி 1960-களில் அவற்றை நிறுத்தியதிலிருந்து, பல வீடுகளில் ரைபிள் இருக்கிறது, அதற்கு ஏற்ற தோட்டா கிடையாது. அடுத்தது பாதுகாப்பு. குழலின் மேல் நீரோட்டம்போல வரிவரியாகத் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக் காலத்தில் செய்த அவற்றில் இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துக் கையைப் பறித்துவிடும். அப்படிப்பட்டதைச் சுடும் எண்ணத்தோடு வைத்துக்கொள்ளவே கூடாது.

இந்த இரண்டையும் கடந்தபின், யார் பயன்படுத்தியது என்று உங்களால் பெயர் சொல்ல முடிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் ஐயாவின் கன்னம் பட்டுப் பட்டு மெருகேறிய இடம் இருக்கும் ஒரு சாதாரண 12 போரை வைத்துக்கொண்டு, ஏலத்தில் வந்த பெயர்பெற்ற லண்டன் ரைபிளைக் கடைக்குக் கொடுத்தவர்களை அறிவேன். அவர்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

எங்க வீட்டு அப்பச்சிக்கு எழுபத்திரண்டு வயசு. ஒன்னை வித்துட்டு இன்னொன்னு, அதை வித்துட்டு வேறொன்னுன்னு அலையிறாக. தடுத்தாக் கோவிக்கிறாக. நான் என்ன செய்யட்டும்?

தடுப்பதால் ஆசை வளருமே தவிரக் குறையாது. நான்காம் கேள்வியின் பதிலில் சொன்ன தேடல்தான் அவரை நடத்துகிறது. அந்தத் தேடலுக்கு வேறு வேலை கொடுங்கள். இருக்கும் இரண்டின் வரலாற்றையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்: எப்போது, யாரிடமிருந்து, எந்தக் கப்பலில், என்ன விலைக்கு வந்தது, யார் யார் கைப்பட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளைகளில் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். குழலின் அடியிலிருக்கும் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனை முத்திரைகளைப் படம் எடுத்து, அவற்றின் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையே அவருக்கு மாதக்கணக்கில் போதும்.

இன்னொரு வழியையும் அவரிடம் பேசிப் பாருங்கள். உரிமம் பெற்றவர் எழுபது வயதை எட்டினாலோ, ஒரு துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, தம் வாரிசுகளில் ஒருவருக்கு அதன் உரிமத்தை மாற்றித் தர 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. தம் காலத்திலேயே, தம் கையாலேயே, துடைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பதில் பெரியவர்களுக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது. இதற்கு அவர் இசைந்தால் அவருடைய உரிமப் புத்தகம், பெறப்போகிறவரின் அடையாளச் சான்று, மற்ற வாரிசுகளின் மறுப்பின்மைக் கடிதம் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். அவர் வாரிசுக்குத் தராமல், உரிமமுள்ள வேறொருவருக்கு விற்கவே விரும்பினால், விற்பதற்கு நாற்பத்தைந்து நாள் முன்னதாக மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் வாங்கி உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.